கிரான்பெர்ரி இல்லாவிட்டால் களாக்காய்

கிறிஸ்துமஸ் கோழி வறுவலுக்குக் கிரான்பெர்ரி சாஸ் வைக்க ஆசைப்பட்டுப் பெரம்பூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கிடைத்தது சர்க்கரையில் ஊறிய உலர்பழம்தான், புளிப்பே இல்லை. இப்போதெல்லாம் ஆடி, ஆவணியில் தள்ளுவண்டியில் களாக்காய் வரும்போதே வாங்கி, விதை நீக்கி, ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன். கிரான்பெர்ரியைப் போலவே இதிலும் புளிப்பும், சாஸை இறுகவைக்கும் பெக்டினும் உண்டு.

சிவந்த காயாகப் பொறுக்குங்கள். நறுக்கும்போது வடியும் பால் கத்தியில் பிசினாக ஒட்டும். கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டால் தொல்லை குறையும்.

250 கிராம் காய்க்கு 150 கிராம் வெல்லம், அரை கப் தண்ணீர், ஒரு துண்டு பட்டை, இரண்டு சிட்டிகை சுக்குத்தூள், கிள்ளிய காய்ந்த மிளகாய் ஒன்று. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். சிறு தீயில் சுமார் 15 நிமிடம் போதும். கரண்டியின் பின்புறம் விரலால் இழுத்த கோடு கலையாமல் நின்றால் உடனே இறக்குங்கள். ஆறும்போது இன்னும் இறுகும். முதல் முறை அடுப்பிலேயே இறுகட்டும் என்று காத்திருந்தேன், சாஸ் கமர்கட்டாகிவிட்டது.

மிஞ்சினால் மறுநாள் தோசைக்கு.