குழாயில் மட்டும் மேப்பிள் சாறு தாமதமாக வந்ததன் காரணம்

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் லானார்க் பகுதியில் மார்ச் மாதம். இரவில் உறைநிலைக்குக் கீழே, பகலில் அதற்கு மேலே. மேப்பிள் மரத்தில் துளையிட்டு வடித்து, சிரப்பாகக் காய்ச்சும் சாறு ஓட இதைவிட நல்ல வானிலை கிடையாது. வாளி தொங்கிய மரங்களில் காலை பத்து மணிக்கே சொட்டத் தொடங்கிவிடும். 5/16 அங்குல பிளாஸ்டிக் குழாய் மாட்டிய மரங்களிலிருந்தோ பிற்பகல் வரை சாறு சேரும் தொட்டிக்கு ஒன்றும் வராது.

அணில் கடித்திருக்கும் என்று குழாய் முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. மரத்தில் செருகிய, சாறு வடியும் மூக்குக் குழல்களை லேசாகத் தட்டி இறுக்கினேன். பலனில்லை. சரி, சரிவு போதவில்லையோ என்று காலையில் மட்டம் வைத்தால், கச்சிதமாக இருந்தது.

ஆனால் குளிரில் பிளாஸ்டிக் சுருங்கி விறைப்பாக நிற்கும். வெப்பம் ஏறினால் நீண்டு தொய்யும். மதியம் போய்ப் பார்த்தால், இலையுதிராத ஹெம்லாக் மரங்களின் நிழலில் குழாய் ஒரு சாண் இறங்கிக் கிடக்கிறது! அங்கே தேங்கும் சாறு இரவில் உறைந்து அடைத்துக்கொள்ளும். நிழலாயிற்றே, மறுநாள் உருகவும் நேரமாகும்.

மதியத்திலேயே குழாயை இழுத்துக் கட்டினேன், ஒரு மரத்துக்கு இடப்புறம், அடுத்ததற்கு வலப்புறம் என்று மாற்றி மாற்றி. நடுவில் ஒரு கவைக்கொம்பு முட்டுக் கொடுத்தேன். மறுநாள் வாளியில் சொட்டிய நேரத்திலேயே தொட்டியிலும் விழுந்தது. அப்பாடா!

1 லிட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். அவ்வளவையும் பனியில் சுமப்பதைவிடக் குழாயே மேல். ஆனாலும் பக்கத்து மரத்தில் ஒரு வாளி தொங்கட்டும். அதில் சொட்டி, தொட்டியில் விழவில்லை என்றால் குழாயில்தான் அடைப்பு.