சுடாத மண்கல்லில் வீடு: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பக்கத்து நிலத்து மண், 5 சதவீதம் சிமெண்ட், ஓர் அழுத்து இயந்திரம் இருந்தால் மண்கல் தயார். சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். ஆரோவில் பார்வையாளர் மையம் 1990களின் தொடக்கத்தில் இந்தக் கல்லில்தான் எழுந்தது; இன்றும் உறுதியாக நிற்கிறது. அதே வகைக் கல்லில் கட்டிய சில வீடுகளிலோ இரண்டு மழைக்காலம் போவதற்குள் மூலைகள் உதிர்கின்றன. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மண்கல்லைச் செங்கல்லைப் போலவே நடத்துவது.

முதல் கோளாறு மண்ணிலேயே தொடங்குகிறது. “நல்ல செம்மண்தானே” என்று நிறத்தை நம்பி லாரியில் ஏற்றுகிறார்கள். நிறம் எதையும் சொல்லாது. சிமெண்ட் கலக்கும் கல்லுக்குச் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் என்ற அளவை ஒட்டிய மண் தோதானது. களி மிகுந்தால் கல் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் மிகுந்தால் அச்சிலிருந்து தூக்கும்போதே விளிம்பு பெயரும். ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், அதன்மேல் வண்டல், உச்சியில் களி என்று அடுக்கடுக்காகப் படியும். ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். களி சற்றுக் கூடுதலாக இருந்தால் மணல் சேர்த்துச் சரிசெய்யலாம். கரிசல் மண்ணை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். வேரும் மக்கும் கலந்த மேல்மண்ணும் ஆகாது. அதைத் தனியே குவித்து வைத்தால் பிறகு தோட்டத்துக்கு உதவும்.

அடுத்தது கலவை. சட்டிக் கணக்கில் சிமெண்ட் போட்டால் ஒரு கல் கெட்டியாகவும் அடுத்த கல் பொலபொலவென்றும் வரும். கல் ஒன்று 10 கிலோ என்றால், 5 சதவீதக் கணக்கில் 50 கிலோ மூட்டைக்கு 100 கல் வர வேண்டும். 150 வந்திருந்தால் சிமெண்ட் எங்கோ குறைந்திருக்கிறது. ஈரம் பார்க்கக் கலவையை உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. தூளாகச் சிதறினால் ஈரம் போதாது. சப்பையாக ஒட்டிக்கொண்டால் அதிகம். தண்ணீர் ஊற்றிய கலவையை அரை மணி நேரத்துக்குள் அழுத்தி முடிக்க வேண்டும். காலையில் கலந்ததை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கிளறி அழுத்துவது பல இடங்களில் நடக்கிறது. அதற்குள் சிமெண்ட் இறுகத் தொடங்கியிருக்கும். மறுபடி கிளறினால் பிடிப்பு உடையும்.

க்யூரிங்கில்தான், அதாவது கல்லை ஈரமாக வைத்து இறுக விடுவதில்தான், அதிகம் ஏமாற்றுகிறார்கள். முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி ஈரம் போகாமல் காக்க வேண்டும். பிறகு 4 வாரம் தண்ணீர் தெளித்து நனைவாகவே வைக்க வேண்டும். வெயிலில் அடுக்கிவிட்டால் கல் ஒரே வாரத்தில் உலர்ந்து கெட்டியானதுபோலத் தெரியும். மழையில் குணம் தெரிந்துவிடும். விலைக்கு வாங்குபவர்கள் ஒரு கல்லை முழு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். சோதனை அறிக்கை கேட்கும்போது நனைந்த நிலையின் வலிமையைக் கேளுங்கள். உலர்ந்த நிலையைவிட அது ஏறக்குறைய பாதியாக இருக்கும். ஐஎஸ் 1725 என்ற இந்தியத் தர விதி இந்த வகைக் கல்லுக்கென்றே உள்ளது.

சுவர் எழுப்பும்போது சிமெண்ட் 1, மணல் 3 என்ற சாந்து போட்டால் பலம் என்று கொத்தனார் சொல்வார். இங்கே அது எதிராக வேலை செய்யும். கல்லைவிடச் சாந்து கெட்டியானால் விரிசல் இணைப்பை விட்டுக் கல்லையே பிளந்துகொண்டு போகும். சிமெண்ட் 1, மண் 1, மணல் 6 என்ற சாந்து போதும். வயர் பைப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வழியை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள். கட்டிய சுவரைச் சுத்தியலும் உளியும் கொண்டு கொத்தினால் கல் விளிம்பு சில்லுசில்லாகப் போகும்.

தரை மட்டத்திலிருந்தே மண்கல்லைத் தொடங்கக் கூடாது. கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்துச் சுவரின் அடியைத்தான் அரிக்கிறது. ஒன்றரை முதல் 2 அடிவரை கருங்கல்லிலோ சுட்ட செங்கல்லிலோ பேஸ்மட்டம் எழுப்பி, அதன்மேல் ஈரத்தடுப்புப் பட்டை போட்ட பிறகே மண்கல். கூரை 2 அடி வெளியே நீண்டிருக்கட்டும். கடலோர மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை சாய்ந்தடிக்கும் வடக்கு, கிழக்குச் சுவர்களை இன்னும் கவனமாகப் பாருங்கள். பூச்சு வேண்டுமானால் சுண்ணாம்பு. பளபளக்கும் வார்னிஷ் உள்ளே மாட்டிய ஈரத்தை வெளியேற விடாது, கொப்பளித்துக் கழன்றுவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, மேலே 5 அங்குலக் கான்கிரீட்டை மொட்டையாக விட்டுவிடுவார்கள்! பிறகு “மண்வீடு, ஆனாலும் புழுக்கம்” என்று குறை. தனித்தள வீட்டில் பகல் வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியாகவே இறங்குகிறது. கீழே ஃபால்ஸ் சீலிங் போடுவதைவிட மேலே செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம், அதன்மேல் வெள்ளை ஓடு பதிப்பது பயன் தரும். அங்கே தளம் சூடேறுவதற்கு முன்பே வெயில் தடுக்கப்படுகிறது.

மேற்குச் சன்னலும் அப்படித்தான். கோடையில் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 35 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். 2 அடி சன்ஷேட் அப்போது 4 அடிச் சன்னலில் மேலே ஒன்றரை அடியைக்கூட மறைக்காது. அந்தப் பக்கம் செங்குத்துப் பலகைகளோ தாழ்வாரமோ வேண்டும். வரைபட நிலையிலேயே இருக்கிறீர்களென்றால் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை மேற்கில் தள்ளிவிடலாம்.