ஊருக்குக் கிளம்பும் முன் உங்கள் போன் நம்பரைக் கவனியுங்கள்

வெளிநாட்டில் வாழும் நாம் ஊருக்குப் போகும்போது பாஸ்போர்ட், டிக்கெட், மருந்து எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கிறோம். போன் நம்பரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. போய் இறங்கியதும் நாம் வாழும் நாட்டின் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு ஊர் சிம்மைப் போடுகிறோம். அப்புறம் ஒரு நாள் அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டியிருக்கும். ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று வங்கிச் செயலி சொல்லும், அது வரவே வராது. வங்கி, ஈமெயில், வரிக் கணக்கு, ஆபீஸ் கணக்கு எல்லாம் அந்தக் கழற்றி வைத்த சிம்மைத்தான் நம்பியிருக்கின்றன. பயணத்தின் கணினிப் பாதுகாப்பில் முதல் வேலை இதைச் சரிசெய்வதுதான். அதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே செய்ய வேண்டும், விமான நிலையத்தில் உட்கார்ந்து செய்ய முடியாது.

எஸ்எம்எஸ் வழி வரும் குறியீட்டை எங்கெல்லாம் விட முடியுமோ அங்கெல்லாம் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக ஆதென்டிகேட்டர் செயலி இருக்கிறது. அதில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண், போனில் ஏற்கெனவே சேமித்திருக்கும் ஒரு ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் வைத்துப் போனுக்குள்ளேயே கணக்கிடப்படுகிறது. சிக்னலும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். போனின் கடிகாரம் சரியாக ஓடினால் போதும். இதைவிட நல்லது பாஸ்கீ, அதாவது கடவுச்சொல்லே இல்லாமல் முகம், விரல்ரேகை அல்லது போனின் பூட்டு எண்ணை வைத்துக் கணக்கில் நுழையும் முறை. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து இதற்கு ஆதரவு தருவதாக அறிவித்தன. பாஸ்கீ அது உருவான இணையதளத்துக்கு மட்டுமே வேலை செய்யும். அச்சு அசலாக வங்கியைப் போலவே இருக்கும் போலித் தளத்தில் நீங்கள் ஏமாந்தாலும் பாஸ்கீ ஏமாறாது.

இவை எல்லாமே போனுக்குள் இருப்பதால் போன் தொலைந்தால் எல்லாம் போய்விடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூகுள் கணக்கில் 'பேக்அப் கோடு' என்று பத்து எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தலாம். அவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு, போன் இருக்கும் பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள். போன் தொலைந்த அன்று உங்கள் ஈமெயிலைத் திறக்க அந்தக் காகிதம்தான் உதவும். ஈமெயில் திறந்தால் மற்ற கணக்குகளை ஒவ்வொன்றாக மீட்கலாம்.

எஸ்எம்எஸ் தவிர வேறு வழியே தராத வங்கிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்காக, நீங்கள் வாழும் நாட்டின் பழைய நம்பரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். நம்பரை இ-சிம்மாக (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) மாற்றிக்கொண்டால் சிம் போடும் இடம் ஊர் சிம்முக்குக் காலியாக இருக்கும், இரண்டு நம்பரும் ஒரே போனில் ஓடும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருமா, அதற்குக் கட்டணம் உண்டா என்று உங்கள் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். பழைய நம்பரின் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஐபோனில் ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் இன்னொரு சிம்மின் டேட்டாவுக்குத் தானாக மாற அனுமதிக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதையும் அணையுங்கள். அணைக்காமல் போனவர்களுக்குத்தான் வீடு திரும்பியதும் பெரிய பில் வருகிறது. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சிம் போடும் இடமே கிடையாது. 2025இல் வந்த ஐபோன் ஏர் எந்த நாட்டில் வாங்கியதானாலும் அப்படித்தான். உங்களிடம் அப்படிப்பட்ட போன் இருந்தால் ஊரில் இ-சிம் தரும் நிறுவனத்தைத்தான் தேட வேண்டும். தவணையில் வாங்கிய போன் என்றால் அது ஒரே நெட்வொர்க்குக்குப் பூட்டப்பட்டதா என்றும் பாருங்கள்.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை சிம் மாறினாலும் அது பழைய நம்பரிலேயே ஓடும். நம்பரை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளம்பும் முன் அதில் ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண்ணைப் போட்டு, ஈமெயில் முகவரியும் சேர்த்துவிடுங்கள்.

பலர் ஊர் நம்பர் ஒன்றை வைத்திருப்பார்கள். போன தடவை வாங்கியது, ஊர் வங்கிக் கணக்கும் அதில்தான் இணைந்திருக்கும். அடுத்த பயணம் வரை யாரும் அதைத் தொடுவதில்லை. பயன்படுத்தாத ப்ரீபெய்டு நம்பரைச் சில காலம் கழித்து நிறுவனம் ரத்து செய்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அன்றிலிருந்து உங்கள் வங்கியின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். அந்த நம்பரை வைத்து உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றவும் அவரால் முடியலாம். நான் பார்த்தவரை புலம்பெயர்ந்தவர்கள் அதிகம் கவனிக்காத ஓட்டை இதுதான். ஒன்று அந்த நம்பருக்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்யுங்கள், அல்லது ஊரில் இருக்கும்போதே வங்கிக்குப் போய் நீங்கள் தொடர்ந்து வைத்திருக்கும் நம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

போன் கையை விட்டுப் போனால்

நெரிசலில் போனைத் திருடுகிறவர் பின்னால் நின்று நீங்கள் போடும் பூட்டு எண்ணைப் பார்த்துவிட்டுத் திருடுவதும் உண்டு. நாலு இலக்க எண் இருந்தால் இப்போதே ஆறுக்கு மாற்றுங்கள். கூட்டத்தில் முகத்தையோ விரல்ரேகையையோ வைத்தே திறவுங்கள். ஆப்பிள் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3இல் திருட்டுப் பாதுகாப்பு வசதி ஒன்றைக் கொடுத்தது. நீங்கள் வழக்கமாக இருக்கும் இடங்களை விட்டு வெளியே இருக்கும்போது, பூட்டு எண் தெரிந்தவராலும் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முடியாது. முகம் அல்லது விரல்ரேகை வேண்டும், ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். ஊர் உங்கள் போனுக்குப் பழக்கமில்லாத இடம், அதனால் இந்தக் காத்திருப்பு உங்களுக்கும் பொருந்தும். மாற்ற வேண்டிய கடவுச்சொற்களை வீட்டிலேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஆண்ட்ராய்டில் போனைப் பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து திரையைப் பூட்டும் வசதி 2024 அக்டோபரிலிருந்து பரவலாக வந்தது. அமைப்புகளில் போய் அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

*#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது உங்கள் போனின் அடையாள எண்ணை, காகிதத்தில் குறித்து வையுங்கள். போலீஸில் புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.

பொது வைஃபை பற்றி முன்பு இருந்த அளவு பயம் இப்போது தேவையில்லை. ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான், அதாவது இடையில் இருப்பவர் படிக்க முடியாதபடி தகவலை மறையாக்கி அனுப்பும் முறையில்தான் இயங்குகின்றன. பாதுகாப்பில்லாத தளம் என்று உலாவி எச்சரித்தால் மட்டும் அங்கே எதையும் தட்டச்சு செய்யாதீர்கள். சார்ஜ் ஏற்ற உங்கள் சொந்த அடாப்டரை எடுத்துப் போங்கள். பொது யூஎஸ்பி துளையில் மாட்டும்போது 'இந்தக் கணினியை நம்பலாமா' என்று போன் கேட்டால் வேண்டாம் என்பதுதான் பதில்.

ஊரில் போன் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் பூட்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். குடும்பப் படங்கள், வங்கி, செய்திகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சாம்சங்கில் 'மெயின்டெனன்ஸ் மோட்', பிக்சலில் 'ரிப்பேர் மோட்' என்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் பழுதுபார்ப்பவர் போனைச் சோதிக்கலாம், உங்கள் தகவல்களைத் திறக்க முடியாது.

பழைய போனைக் கொடுப்பதென்றால்

நாம் பயன்படுத்திய போனைத் தம்பிக்கோ அத்தைக்கோ கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம்தான். கொடுக்கும் முன் நீங்கள் வாழும் நாட்டிலேயே, உங்கள் கடவுச்சொல்லும் ஓடிபியும் சிக்கலில்லாமல் கிடைக்கும்போதே, கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுப் பிறகு முழுவதும் அழியுங்கள். இந்த வரிசை முக்கியம். வெளியேறாமல் அழித்தால் ஐபோன் பழைய ஆப்பிள் கணக்கைக் கேட்டு நிற்கலாம். ஆண்ட்ராய்டும் பழைய கூகுள் கணக்கைக் கேட்கக்கூடும். நீங்கள் திரும்பிப் போன பிறகு இது தெரியவந்தால் பெரிய தலைவலி. வங்கிச் செயலி, ஆதென்டிகேட்டர் இரண்டையும் முதலில் புதுப் போனுக்கு மாற்றினீர்களா என்றும் பாருங்கள்.

பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன போனை வங்கி வேலைக்குக் கொடுக்காதீர்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளிலிருந்து ஏழு வருடப் புதுப்பிப்பு என்று அந்த நிறுவனங்கள் வாக்குக் கொடுத்திருக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்குக் காலம் குறைவு. ஊர் வீட்டில் விண்டோஸ் 10 கணினி இருந்தால் அதையும் பாருங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கணினியென்றால் அதில் பணப் பரிமாற்றம் செய்ய வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அம்மா அப்பாவின் போனோடு ஒரு மாலை

வீடியோ காலில் எவ்வளவு சொன்னாலும் புரியாதது பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் காட்டினால் புரிந்துவிடும். அந்த வாய்ப்பு பயணத்தில் மட்டும்தான் கிடைக்கிறது. அவர்கள் கையிலேயே போனைக் கொடுத்து, அவர்களே அழுத்தும்படி சொல்லுங்கள். நீங்கள் வாங்கிச் செய்து கொடுத்தால் அடுத்த முறை அவர்களுக்கு வராது.

வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கத்தைத் திறந்து, தெரியாதது இருந்தால் நீக்குங்கள். தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதியை உலாவிக்கும் வாட்ஸ்அப்புக்கும் அணையுங்கள். அழைப்பிதழ், அபராத ரசீது என்ற பெயரில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பிப் போனையே கைப்பற்றுகிறார்கள். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், செயலியாக வராது என்று சொன்னால் பெரியவர்களுக்கு உடனே பிடிபடும். நட்சத்திரமும் எண்களும் கலந்த ஏதோ ஒன்றை அழுத்தச் சொல்லி அழைப்புகளை வேறு நம்பருக்குத் திருப்பும் மோசடியும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ##002# அழுத்தினால் திருப்பிவிட்டவை எல்லாம் ரத்தாகும். திரையைப் பகிரச் சொல்லும் யாராக இருந்தாலும் போனை வைத்துவிட வேண்டும், வங்கி என்று சொன்னாலும், போலீஸ் என்று சொன்னாலும்.

உங்கள் குரலையே கணினியில் உருவாக்கி 'அம்மா, விபத்தில் மாட்டிக்கொண்டேன், பணம் அனுப்பு' என்று அழுவதும் இன்று முடிகிற காரியம். தூரத்தில் பிள்ளை இருக்கும் வீடுகளில் இது எளிதாக எடுபடும், ஏனென்றால் அந்தப் பயம் ஏற்கெனவே மனசில் இருக்கிறது. குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லை நேரில் முடிவு செய்யுங்கள். அதை எந்தச் செய்தியிலும் எழுதாதீர்கள். பணம் கேட்டு அழைப்பு வந்தால் அந்தச் சொல்லைக் கேட்கட்டும், அல்லது வைத்துவிட்டு உங்கள் வழக்கமான நம்பருக்கு அவர்களே கூப்பிடட்டும். அப்படிக் கேட்டால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளையைச் சந்தேகப்படுவதா என்ற தயக்கம்தான் பெரும்பாலும் அவர்களைத் தடுக்கிறது.

கிளம்பும் முந்தைய நாள், நீங்கள் நுழைந்த டிவி, மச்சானின் லேப்டாப், பிரவுசிங் சென்டர் கணினி எதிலாவது உங்கள் கணக்கு திறந்தே கிடக்கிறதா என்று கூகுள் கணக்கின் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலில் பாருங்கள். அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம்.