நகை ஸ்டாலுக்கு மேசை விரிப்பு தைக்க
கண்காட்சியில் தரும் மடக்கு மேசை பெரும்பாலும் 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், உயரமும் கிட்டத்தட்ட அதே இரண்டரைதான், இருந்தாலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். 44 அங்குல அகலக் காட்டனில் மூன்றே முக்கால் மீட்டர் வீதம் இரண்டு துண்டு வாங்கி, முதலில் நனைத்துக் காயவைத்து (சுருங்கும்!), அப்புறம் இணைப்புத் தையல், மேசையின் முன் விளிம்பில் வருகிற மாதிரி இரண்டையும் இணைத்தால் ஒட்டுப்போட்டதே தெரியாது. பின்பக்கம் அரை அடி தொங்கினால் போதும், அடியில் பெட்டிகளைத் தள்ளிக்கொள்ளலாம். முன் மூலைகளில் துணி தரையில் புரளும், மடித்து ஊக்கு குத்துங்கள். போன தடவை ஒருவர் கால் தடுக்கி என் ஜிமிக்கி ஸ்டாண்டே சரிந்தது. பளபள சாட்டின் மட்டும் வேண்டவே வேண்டாம், கல் வைத்த நகை அதில் எடுபடாது. எனக்குப் பிடித்தது கருநீலம்.