டர்பனில் நிலம் பார்க்கிறீர்களா? முதலில் ராஜா யார் என்று விசாரியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு எழுதுகிறேன். விசா, வரி எண், வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் அதிகம் எழுதப்போவதில்லை. வேலைக்கு எடுத்த கம்பெனியே பெரும்பாலும் ஓர் ஆளைப் போட்டு முடித்துக் கொடுத்துவிடும். சிம் கார்டு வாங்கக்கூட முகவரிச் சான்று கேட்பார்கள், அதனால் வாடகை ஒப்பந்தத்தின் நகல் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். நம்மூர் போலவே வண்டி இடப்பக்கம்தான் ஓடும். பல வீடுகளில் கரண்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும், செல்போன் ரீசார்ஜ் மாதிரி. இருட்டிய பிறகு தெருவில் தனியாக நடக்காதீர்கள். சரி, பொதுவான விஷயம் இவ்வளவுதான். நான் சொல்ல வந்தது நிலம்.

டர்பனுக்கு வந்த முதல் மாதம் எல்லாமே நம்முடையது மாதிரித் தெரியும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று போகிற இடமெல்லாம் மூட்லி, பிள்ளை, நாயுடு என்று பெயர்ப் பலகைகள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கினார்களே, அவர்களின் வழியிலும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களின் வழியிலும் வந்த பேரப்பிள்ளைகள். தமிழ் பேசுபவர்கள் குறைவு, ஆனால் காவடி என்றால் ஊரே திரண்டுவிடும். புனித வெள்ளி அன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டத்தைப் பார்த்தால் சமயபுரத்தில் நிற்கிறோமோ என்று தோன்றும். கண் கலங்கும், அது தப்பில்லை. ஆனால் அந்த மயக்கத்திலேயே நிலம் வாங்கப் போகாதீர்கள். இது குவாஜூலு-நட்டால், ஜூலு இனத்தவரின் மாகாணம். இங்கே ராஜா என்றால் காலண்டரில் அச்சிடும் படம் இல்லை. மாகாணத்தில் ஏறக்குறைய முப்பது சதவீத நிலம், சுமார் 28 லட்சம் ஹெக்டேர், அவர் ஒருவரை அறங்காவலராகக் கொண்ட இங்கொன்யாமா டிரஸ்டின் பேரில் இருக்கிறது.

என் நண்பர் கரூர்க்காரர், துணி ஏற்றுமதி வேலையாக வந்தவர். இங்குள்ள கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் விற்கிற விலையைப் பார்த்துவிட்டு, நாமே போட்டால் என்ன என்று இறங்கினார். யோசனை நல்ல யோசனைதான், டர்பன் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இரண்டும் செழிப்பாக வரும். நகரத்துக்குத் தெற்கே, உள்ளே தள்ளி ஒரு மலைச்சரிவில் இடம் காட்டினார்கள். காட்டியவர் ஒரு தரகர். கூட வந்தவர் தன்னை இன்டுனா என்று சொல்லிக்கொண்டார், அதாவது அந்த வட்டாரத் தலைவரின் கீழ் இருக்கும் ஊர்ப் பெரியவர். கையால் எழுதிய ஒரு காகிதம், கீழே வட்ட முத்திரை. நண்பர் ஊரில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் என்று அலையாய் அலைந்து பழகியவர். ஆனால் இங்கே அந்த முத்திரையைப் பார்த்ததும், 'ராஜா நாட்டில் இதுதான் பத்திரம் போல' என்று சமாதானம் ஆகிவிட்டார். பணம் கைமாறியது. ஆழ்துளைக் கிணறு போட்டார், கம்பி வேலி கட்டினார், தகரக் கொட்டகை எழுப்பினார்.

முதல் அறுவடைக்கு முன்பே அழைப்பு வந்தது. அந்த இடம் ஒரு குடும்பத்துக்குத் தாத்தா காலத்திலேயே ஒதுக்கப்பட்டது. குடும்பத்தினர் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறார்கள், காலம் வந்தால் திரும்பி வருவார்கள், அங்கே அவர்களின் முன்னோர் புதைகுழியும் இருக்கிறது. வட்டாரத் தலைவர் தலைமையில் கூடும் பாரம்பரியக் கவுன்சிலில் இவரை உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். தலைவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்களிடம் யாரும் கேட்கவில்லையே?" கம்பியையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். கிணற்றை எடுத்துக்கொண்டு போக முடியுமா? ஒரு நடுத்தரக் கார் வாங்கும் காசு போயிற்று. தரகரின் போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது. எனக்கு எரிச்சல் தரகர் மேல் மட்டும் இல்லை. 'ராஜாவெல்லாம் சும்மா பேருக்கு' என்று வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்கும் நம் ஆட்கள் மேலும்தான்.

கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் அந்தக் காகிதத்தைப் பார்த்ததுமே அவர் எழுந்து வந்திருப்பார். வெளியூர்க்காரன் ஒருவன் தனியாக வாங்கிய நிலக் காகிதத்துக்கு இந்த மண்ணில் நல்ல பேர் இருந்ததே இல்லை. 1824இல் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய ஆங்கில வியாபாரி பிரான்சிஸ் ஃபேர்வெல், மன்னர் ஷாகாவிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு, துறைமுகமும் அதைச் சுற்றிய பெரும் பரப்பும் தனக்கே என்று சொல்லிக்கொண்டார். ஜூலு வழக்கில் மன்னர் நிலத்தைக் காப்பவர், அங்கே தங்கிப் பிழைக்க அனுமதி கொடுப்பவர், விற்பவர் இல்லை. 1828இல் ஷாகாவைக் கொன்றுவிட்டு ஆட்சிக்கு வந்த தம்பி டிங்கானிடம், 1838 பிப்ரவரியில் டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்களின் தலைவர் பீட் ரெட்டீஃப் ஒரு நில ஒப்பந்தம் வாங்கினார். இரண்டு நாளில் அவரும் கூட வந்தவர்களும் டிங்கானின் தலைநகரிலேயே கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்க அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று இன்கோமே ஆற்றங்கரையில் போயர்கள் ஜூலுக்களை வீழ்த்திய பெரிய சண்டை நடந்தது. அந்தத் தேதி இன்றைக்கு நல்லிணக்க நாள் என்று அரசு விடுமுறை. உங்கள் ஜூலு சக ஊழியருக்கு அன்று வேறு நினைவுகளும் இருக்கும்.

பிறகு 1879. ஜனவரி 22 அன்று இசாண்ட்ல்வானாவில் ஜூலு மன்னர் செட்ஷ்வாயோவின் படை, துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்த பிரிட்டிஷ் படையை ஈட்டியும் கேடயமுமாகத் தாக்கி, பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் சாய்த்தது. அந்த மலையடிவாரத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள், வெள்ளைக் கற்குவியல்கள்தான் கல்லறைகள். ஜூலையில் உலுண்டியில் ஜூலுக்கள் தோற்றார்கள். மன்னரைப் பிடித்துக் கேப் டவுனுக்குக் கொண்டுபோனார்கள், நாட்டைப் பதின்மூன்று தலைவர்களுக்குக் கூறுபோட்டார்கள். 1887இல் அது பிரிட்டிஷ் ஆட்சிக்குள் போனது, 1897இல் பக்கத்துப் பிரிட்டிஷ் குடியேற்றமான நட்டாலோடு சேர்க்கப்பட்டது. 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் கறுப்பின மக்களை ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் அடைத்தது. அந்தத் துண்டுகள்தான் நிறவெறிக் காலத்தில் குவாஜூலு என்ற 'தாயகம்' ஆயின. 1994இல் எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, அந்தத் தாயகத்தின் சட்டமன்றம் தன் நிலத்தை மன்னர் குட்வில் ஸ்வெலிதினியை அறங்காவலராக வைத்து டிரஸ்டுக்கு மாற்றிச் சட்டம் போட்டது. என் நண்பரின் முருங்கை நின்றது அந்தத் துண்டுகளில் ஒன்றில்தான்.

ஸ்வெலிதினி 2021 மார்ச்சில் காலமானார். இப்போதைய மன்னர் அவர் மகன் மிசுஜூலு. 2022 அக்டோபர் 29 அன்று டர்பன் மோசஸ் மபிடா மைதானத்தில் ஜனாதிபதி ராமபோசா அவருக்கு அங்கீகாரச் சான்றிதழ் கொடுத்தார். வாரிசுரிமை பற்றி அரச குடும்பத்துக்குள்ளேயே வழக்குகள் நடந்தன. டீக்கடைப் பேச்சில்கூட அதில் பக்கம் சாயாதீர்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? எந்த இடமானாலும் முதலில் பத்திரப் பதிவகத்தில் உரிமையாளர் பெயரைத் தேடிப் பாருங்கள், வக்கீல் மூலம் செய்தால் இன்னும் நல்லது. தனியார் பெயர் வந்தால் வழக்கமான பத்திரப் பதிவு வழிதான். இங்கொன்யாமா டிரஸ்ட் என்று வந்தால் அந்த நிமிடமே பர்ஸை மூடுங்கள். அங்கே விலைக்கு வாங்க எதுவும் இல்லை, குத்தகைதான் உண்டு. அதற்கும் அந்தப் பகுதிப் பாரம்பரியக் கவுன்சில் முன்கூட்டியே எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும், அப்புறம் டிரஸ்ட் வாரியத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். இன்டுனா ஒருவரின் கையெழுத்து போதவே போதாது. அவர் உண்மையான இன்டுனாதானா என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்களிடமே கேளுங்கள். எல்லை எது, யாருடைய இடம் என்று சாட்சி சொல்பவர்கள் அவர்கள்தான். அங்கேயே வாழ்கிறவர்களிடம் பழைய குடியிருப்பு அனுமதிச் சீட்டு இருக்கும். டிரஸ்ட் அதைக் குத்தகையாக மாற்ற வைத்தது சட்டவிரோதம் என்று 2021 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் சொல்லி, வாங்கிய வாடகையைத் திருப்பித் தரச் சொன்னது. அந்தச் சீட்டை உங்கள் பேருக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கவுன்சிலுக்குப் போகும்போது கைபேசியை அணைத்துவிடுங்கள், தொப்பியைக் கழற்றுங்கள். 'சனிபொனானி' என்று எல்லோருக்கும் சேர்த்து வணக்கம் சொல்லிவிட்டு, நலம் விசாரித்து முடித்த பிறகுதான் வந்த விஷயம். எதையும் வாங்கும்போது இரண்டு கையையும் நீட்டுங்கள். இளையவர்கள் உங்கள் கண்ணைப் பார்க்காமல் பேசினால் அது மரியாதை, கள்ளத்தனம் இல்லை. பேசிக்கொண்டிருப்பவர் புத்தெலெஸி குலத்தவர் என்றால் 'ஷெங்கே' என்று குலப் பெயரில் கூப்பிட்டுப் பாருங்கள், முகமே மலர்ந்துவிடும். நம் ஊரில் பெரியவர் முன் துண்டை இடுப்பில் கட்டிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கஷ்டமா? பழைய தோட்ட முதலாளிகள் வேலையாட்களிடம் பேசிய கலப்பு மொழியான ஃபனகாலோவில் மட்டும் பேசிவிடாதீர்கள். இங்கே பிறந்த சில பெரியவர்கள் இன்னும் அதைப் பேசுவார்கள், கேட்கிறவர் சிரித்தாலும் உள்ளே கசக்கும். 1949 ஜனவரியில் இந்தியர்களுக்கு எதிரான டர்பன் கலவரமும், 2021 ஜூலையில் ஃபீனிக்ஸில் கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்டதும் இரு பக்கத்துக்கும் இன்னும் ஆறாத புண். ஃபீனிக்ஸை ஒட்டிய இனாண்டாவில் ஜான் டூபேயின் ஒலாங்கே பள்ளியும் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் அந்த டூபேதான். மண்டேலா 1994இல் வாக்களித்ததும் அந்தப் பள்ளியில்தான்.

இன்னொன்று. இந்த வேலையைச் செப்டம்பரில் தொடங்காதீர்கள். நோங்கோமாவில் எந்யோகேனி அரண்மனையில் நாணல் விழா, ஆயிரக்கணக்கான பெண்கள் நாணல் ஏந்தி மன்னரிடம் போவார்கள். 24ஆம் தேதி ஷாகா நாள், நாடு முழுவதும் அதைப் பாரம்பரிய தினமாகக் கொண்டாடுகிறது, குவாடுகுஸாவில் ஷாகாவின் நினைவிடத்தில் பெருங்கூட்டம். கையெழுத்துப் போட வேண்டிய பெரியவர்களில் பலர் சிறுத்தைத் தோலணிந்து அங்கே நிற்பார்கள். நண்பர் இப்போது டோங்காட் பக்கம், தனியார் பெயரில் பதிவான ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பேசியிருக்கிறார். வக்கீல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார், முருங்கை விதை ஒரு டப்பாவில் காத்திருக்கிறது. நீங்கள் அக்டோபரில் போங்கள்.