நாய் பிஸ்கட்டுக்குத் தாளிப்பு எதற்கு?

வீட்டிலேயே நாய்க்குத் தின்பண்டம் செய்வது பெரிய வித்தை இல்லை. கேழ்வரகு மாவும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. வம்பு ஆரம்பிப்பது மாவைப் பிசையும்போதுதான். கை தன்னால் அஞ்சறைப் பெட்டிப் பக்கம் போகும். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெல்லம், வாசனைக்கு ஒரு ஸ்பூன் நெய், பார்வைக்கு மேலே நாலு திராட்சை. பேரப்பிள்ளைக்குச் செய்து பழகிய கை அப்படித்தான் போகும். நாய்க்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. கடைசியாகச் சொன்ன திராட்சை உயிருக்கே ஆபத்து.

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் நம்மவர்கள் வீடுகளில் லாப்ரடார், ஷிட்ஸு, பொமரேனியன், மழைக்கு ஒதுங்கி பில்டிங்குக்குள் வந்து அப்படியே தங்கிவிட்ட தெருநாய் என்று எல்லாமும் இருக்கின்றன. கடைப் பாக்கெட்டின் விலையையும் அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலையும் பார்த்துவிட்டு, நாமே செய்துவிடலாமே என்று இறங்குகிறவர்கள் இப்போது நிறைய. இறங்கலாம். எங்கெங்கே வழுக்கும் என்று மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

திராட்சையும் புளியும்

உலர்திராட்சையை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், நம் சமையலில் அது ஒளிந்திருக்கும் இடங்கள். கேசரி, பாயசம், சர்க்கரைப் பொங்கல், ரவா லட்டு. பிரசாதம் மிஞ்சினால் நாய்க்கும் ஒரு உருண்டை வைப்பது பல வீடுகளில் வழக்கம். திராட்சை பச்சையோ கறுப்போ உலர்ந்ததோ, சில நாய்களின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் செயலிழக்க வைத்துவிடும். எல்லா நாய்க்கும் இப்படி ஆவதில்லை. எந்த நாய்க்கு ஆகும், எத்தனை பழத்தில் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதனால் "எங்க டைகர் எத்தனையோ தடவை தின்னிருக்கான், ஒண்ணும் ஆகல" என்ற பேச்சை நம்பி யாரும் திராட்சை வைக்க வேண்டாம்.

ஏன் இப்படி ஆகிறது என்பது பல வருடங்கள் புதிராகவே இருந்தது. அமெரிக்காவில், வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்குச் சிறுநீரகம் பழுதானது. அந்த மாவில் கிரீம் ஆஃப் டார்ட்டர் (டார்டாரிக் அமிலத்திலிருந்து வரும் உப்பு) சேர்த்திருந்தார்கள். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு, திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று அங்குள்ள விலங்கு நச்சியல் மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். இதே அமிலம் மிகுந்திருக்கும் இன்னொரு பொருள் நம் வீட்டுப் புளி. புளி தின்ற நாய்களுக்கும் இதே மாதிரிச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே ரசம் சாதம், புளியோதரை, குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு எதுவும் நாயின் தட்டுக்குப் போக வேண்டாம். தலைமுறை தலைமுறையாக ரசம் சாதத்திலேயே வளர்ந்த நாய்கள் உண்டு என்பீர்கள். உண்டுதான். அவற்றில் எத்தனை என்ன வியாதியில் போயின என்று அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்?

வெங்காயமும் பூண்டும்

கோழி வேகவைத்த தண்ணீர் விட்டு மாவு பிசைந்தால் அந்த வாசனைக்கே நாய் சமையலறையை விட்டு நகராது. நல்ல யோசனைதான், அந்தத் தண்ணீரில் கோழி மட்டும் வெந்திருந்தால். நம் வீட்டு சூப்பில் சின்ன வெங்காயமும் நாலு பல் பூண்டும் சேராமல் இருப்பது அபூர்வம். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்தக் குணம் போகாது. பொடியாக்கினால் இன்னும் செறிவு கூடும். சூப் கியூப், மேகி மசாலா, பூண்டுப் பொடி தூவிய எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், தின்ற அன்று நாய் ஜம்மென்று இருக்கும். மூன்று, நான்கு நாள் கழித்துச் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகப் போகும். அதற்குள் சூப் விஷயம் வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும். உண்ணி போகும் என்று பூண்டு அரைத்துப் போடச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு பில்டிங்கிலும் ஒருவராவது இருப்பார்கள். உண்ணிக்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

பீநட் பட்டர் டப்பா

நாய்ப் பண்டச் செய்முறைகளில் பாதியில் பீநட் பட்டர் வரும். வேர்க்கடலையால் பொதுவாகத் தொந்தரவு இல்லை. டப்பாவில் "சுகர் ஃப்ரீ" என்று போட்டிருந்தால்தான் உஷாராக வேண்டும். சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிடால் சேர்த்திருந்தால், அது மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது. நாயின் உடம்போ அதைச் சர்க்கரை என்றே நினைத்து இன்சுலினைக் கொட்டும். பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சரிந்து தள்ளாடும், வலிப்பு வரும். அளவு கூடினால் கல்லீரல் போகும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராமே சர்க்கரையைச் சரிக்கப் போதும். அதாவது 5 கிலோ பொமரேனியனுக்கு அரை கிராம். லேபிளில் இது பிர்ச் சுகர் என்றோ ஐஎன்எஸ் 967 என்றோ ஒளிந்திருக்கலாம். சூயிங்கம், வாய் நாற்றத்துக்கான மிட்டாய், சில பற்பசைகள் ஆகியவற்றிலும் இருக்கும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், வறுத்த வேர்க்கடலையைத் தோல் நீக்கி மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு சுவரில் ஒட்டும், வழித்துவிட்டு இன்னும் இரண்டு சுற்று விட்டால் தானே எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். உப்பும் வேண்டாம், இனிப்பும் வேண்டாம். சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை வாடையடிக்கும் கடலையை மட்டும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதில் வரும் அஃப்ளடாக்சின் நஞ்சு சாதாரண சமையல் சூட்டுக்கு அசையாது. நாயின் கல்லீரலும் அதைத் தாங்காது.

உப்பு, நெய், அளவு

நான் ஆறவைத்திருந்த பிஸ்கட் ஒன்றை எங்கள் பில்டிங் மாமி ஒருவர் எடுத்துக் கடித்துவிட்டு, "என்னடி, சப்புன்னு இருக்கு, உப்பே போடலையா?" என்றார். "நாய்க்குப் பண்ணினது மாமி" என்றேன். கீழே வைப்பார் என்று பார்த்தால், மிச்சத்தையும் மென்று விழுங்கிவிட்டு அடுத்த கேள்வி கேட்டார்: "அப்போ நெய்யாவது விட்டிருக்கலாமே, பாவம், வாயில்லா ஜீவன்."

மனிதனுக்குச் சுமார் 9,000 சுவை மொட்டுகள் என்றால், நாய்க்குச் சுமார் 1,700தான். அது ருசி பார்ப்பது பெரும்பாலும் மூக்கால். நமக்குச் சப்பென்று இருக்கும் கிழங்கு அதற்கு மணக்க மணக்க இருக்கும். நெய் விஷயம் வேறு. 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஆக 60 கலோரி. ஒரு டீஸ்பூன் நெய்யிலேயே 45 கலோரி போய்விடும். ஒரு மேசைக்கரண்டி பீநட் பட்டர் 95. மேரி பிஸ்கட் அளவில் கொஞ்சம் தடிமனாகத் தட்டினால் ஒன்றே 35 வரும், இரண்டு கொடுத்தால் அன்றைய கோட்டா தாண்டிவிட்டது. பட்டாணி அளவில் வெட்டினால் அதே கணக்கில் பதினைந்து தடவைக்கு மேல் கொடுக்கலாம். நாய் எத்தனை முறை கிடைத்தது என்றுதான் பார்க்கிறது, துண்டின் அளவைப் பார்ப்பதில்லை.

திடீரென்று ஒரே நாளில் கொழுப்பு ஏறினால் கணையம் வீங்கும் ஆபத்தும் உண்டு. தீபாவளிக்கு மறுநாள் வாந்தியும் வயிற்று வலியுமாக வரும் நாய்களைக் கேட்டால் கதை பெரும்பாலும் கோழித் தோலிலோ நெய்ப் பலகாரத்திலோ போய் நிற்கும்.

பாலும் இந்தப் பட்டியலில்தான். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. புளிக்காத தயிர் ஒரு ஸ்பூன் பரவாயில்லை. பிறந்தநாள் கேக் செய்கிறவர்களுக்கு: சாக்லேட், காபி, ஜாதிக்காய் மூன்றும் கூடவே கூடாது. கலர் பவுடர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. போட்டோ நமக்குத்தானே?

அடுப்பில் நடப்பவை

இங்கே பனியா கடையில் நாச்னி ஆட்டா என்று கேட்டால் கேழ்வரகு மாவு கிடைக்கும். ஒரு கப் அதற்கு அரை கப் கோதுமை மாவு, முக்கால் கப் மசித்த சர்க்கரைவள்ளி. கேழ்வரகில் பசை கிடையாது, தனியாகப் பிசைந்தால் உதிரும். கோதுமை வேண்டாம் என்றால் ஒரு முட்டை சேர்க்கலாம். தண்ணீரை எடுத்தவுடன் ஊற்றிவிடுவதுதான் பலரும் செய்வது. கிழங்கிலேயே ஈரம் இருக்கிறது, அதை முழுக்க மாவில் தேய்த்துக் கலந்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும் கை நனைக்கும் அளவுக்குத் தெளியுங்கள். விரலில் ஒட்டாமல் உருண்டு வந்தால் போதும். அரை சென்டிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, ஓடிஜி என்ற சின்ன மின்சார அவனில் 160 டிகிரியில் அரை மணி நேரம். அணைத்த பிறகு உடனே எடுக்காமல் உள்ளேயே ஆறவிட்டால் மிச்ச ஈரமும் இறங்கிவிடும். ஓடிஜி இல்லாவிட்டால் தோசைக்கல்லில் சிறு தீயில் இரண்டு பக்கமும் போடலாம், ஆனால் நடுவில் ஈரம் நிற்கும், அதை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று, நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

கல் மாதிரி ஆக்கிவிடவும் கூடாது. கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் பதிய வேண்டும். நகம் பதியாத பண்டம் பல்லை உடைக்கும். வேகவைத்த எலும்பும் அப்படித்தான், கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

கோழித் துண்டை வெயிலிலோ குறைந்த சூட்டிலோ காயவைத்துக் கொடுப்பவர்கள், முதலில் அதை உள்ளே 74 டிகிரி எட்டும்வரை வேகவைத்துவிட்டுப் பிறகு காயவையுங்கள். சால்மொனெல்லா கிருமி இருந்தால் நாய்க்கு ஒன்றும் தெரியாமல்கூடப் போகலாம், அது நக்கிய கையோடு முறுக்கெடுக்கும் குழந்தைக்குத்தான் வயிற்றைப் பிடுங்கும். ஈரலும் தினசரிப் பண்டம் அல்ல. அதில் வைட்டமின் ஏ அதிகம், உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

புதிதாக எதையும் கொடுக்கும்போது ஒரு பொருளாக ஆரம்பியுங்கள். கோழி, கோதுமை, முட்டை, தயிர் எல்லாம் ஒரே பிஸ்கட்டில் போட்டு நாய் சொறிய ஆரம்பித்தால் எதைக் குற்றம் சொல்வீர்கள்? நாய்களுக்கு அடிக்கடி ஒவ்வாமை தருபவற்றில் மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை முன்வரிசையில் இருக்கின்றன.

ஜூன் வந்துவிட்டால்

டெல்லியிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் எழுதிய செய்முறையில் "காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதம் வரும்" என்று இருக்கும். மும்பையில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அதை நம்பாதீர்கள். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும் ஊர் இது. அப்பளம் நமுத்துப்போகும் வீட்டில் நாய் பிஸ்கட் மட்டும் மொறுமொறுப்பாக இருக்காது. சூடு ஆறுவதற்குள் டப்பாவில் போட்டு மூடினால் மூடியின் உள்பக்கம் வேர்க்கும், அந்த நீரில்தான் முதல் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதைச் சுரண்டிவிட்டுக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். புள்ளிக்குக் கீழே இழை ஓடியிருக்கும், முழு டப்பாவையும் குப்பையில் கொட்டுங்கள். தெருநாய்க்கும் வைக்காதீர்கள், அதற்கும் கல்லீரல் ஒன்றுதான்.

மழைக்காலத்தில் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்யலாம். இல்லையென்றால் வெட்டிய துண்டுகளை ஃபிரீசரில் போட்டு, தினமும் காலையில் அன்றைய அளவை மட்டும் எடுத்து வெளியே வைக்கலாம். ஒடித்துப் பார்த்தால் பட்டென்று முறிய வேண்டும், வளைந்தால் அது ஃபிரிட்ஜுக்கான பண்டம்.

தின்றுவிட்டால்

திராட்சையோ சைலிடாலோ உள்ளே போனது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். உப்புத் தண்ணீர் கரைத்து வாந்தியெடுக்க வைப்பது நம் வீடுகளில் இன்னும் இருக்கும் பழக்கம். அந்த உப்பே நாயின் மூளையைப் பாதிக்கும் அளவுக்கு ஏறிவிடும். மோர், பால், நெய் எதுவும் முறிவு மருந்து இல்லை. வழக்கமான டாக்டர் எடுக்கவில்லை என்றால், பரேலில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிவரும் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. உங்கள் பேட்டையில் இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று இன்றைக்கே விசாரித்து எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். போகும்போது டப்பாவையோ உறையையோ கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன: டாக்டர் கேட்கப்போவது இந்த நாலும்தான்.