பிரேக் கோளாறை நிறுத்துமிடத்திலேயே கண்டறிவது எப்படி?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பல மாடி நிறுத்துமிடத்தில் காரை விடும் நம்மில் பலருக்கு, சக்கரத்தைக் கழற்றி வேலை பார்க்கத் தோதான இடம் கிடையாது. ஆனால் பிரேக்கில் என்ன கோளாறு என்று கண்டறிய, எதையும் கழற்ற வேண்டியதில்லை. பட்டறைக்குப் போகும் முன் கோளாறு எந்தப் பகுதியில் என்று ஓரளவு தெரிந்துகொண்டால், தேவையற்ற பாகங்களை மாற்றும் செலவு மிச்சமாகும். ஓட்டக்கூடாத நிலையில் உள்ள காரை ஓட்டிச் செல்லும் ஆபத்தும் தவிரும்.

முதலில் பெடலைச் சோதியுங்கள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் கல்லைப்போல் இறுகும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு காலை எடுக்காமல் எஞ்சினை இயக்குங்கள். அந்தக் கணத்தில் பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால், மிதிக்கும் விசையைப் பெருக்கித்தரும் பூஸ்டரையோ அதற்குச் செல்லும் வெற்றிடக் குழாயையோ சந்தேகிக்கலாம். அடுத்து, எஞ்சின் ஓடும்போதே பெடலை அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்ல அடிமட்டத்தை நோக்கி இறங்கினால், பிரேக் எண்ணெய் எங்கோ கசிகிறது அல்லது பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். பெடல் மெத்தென்று இருந்து, திரும்பத் திரும்ப மிதித்தால் மட்டும் இறுகுமானால், குழாய்களில் காற்று புகுந்திருக்க வாய்ப்புண்டு. பெடல் இறங்கினாலும் மெத்தென்று இருந்தாலும் காரை நகர்த்தாதீர்கள். இழுவை வண்டியை அழையுங்கள்.

பிறகு பானட்டைத் திறந்து பிரேக் எண்ணெயின் அளவைப் பாருங்கள். அளவு குறைந்திருப்பதைக் கண்டதும் ஊற்றி நிரப்பிவிடுவதுதான் பலரின் வழக்கம். அது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. சக்கரத்தை உரசி நிறுத்தும் பட்டையான பேட் தேயத் தேய எண்ணெய் மட்டம் இயல்பாகவே இறங்கும் என்பதால், குறைவு என்பது தேய்மானத்தின் அறிகுறியாகவோ கசிவின் அறிகுறியாகவோ இருக்கலாம். காரணம் தெரியும் முன் நிரப்புவது அந்தத் தடயத்தையே அழித்துவிடும். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 தர எண்ணெய் புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அந்தத் தரம் கோருவது 155 பாகை மட்டுமே. நீண்ட சரிவில் பிரேக் சூடேறும்போது, ஈரமான எண்ணெய் ஆவியாகி, பெடல் பிடிப்பை இழந்துவிடக்கூடும். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

பேட்டைப் பார்க்கக் கைவிளக்கு போதும். ரிம்மின் இடைவெளி வழியே ஒளியைப் பாய்ச்சினால், சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டான டிஸ்க்கை ஒட்டியிருக்கும் பேட்டின் ஓரம் தெரியும். புதிய பேட்டின் உராய்வுப் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கும். 3 மில்லிமீட்டரை எட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கண்ணில் படுவது வெளிப்பக்கப் பேட் மட்டுமே. உட்பக்கப் பேட் அதைவிட வேகமாகத் தேய்ந்திருக்கலாம்.

மழைக்குப் பின் காலையில் முதல் சில மிதிகளில் கேட்கும் உரசல், டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருவினால் வருவது. அது தானே மறையும். மறையாத கீச்சொலி தேய்ந்த பேட்டின் எச்சரிக்கை. இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை கேட்டால் காலம் கடத்தக்கூடாது.

ஆளரவமற்ற சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால் பேட்டை டிஸ்க்கின்மீது அழுத்தும் காலிப்பர்களில் ஏதேனும் ஒன்று சரியாக இயங்கவில்லை எனலாம். ஸ்டீயரிங் அதிர்ந்தால் முன் டிஸ்க்கின் தடிப்பு சீராக இல்லை. நிறுத்திய பின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் விடுபடவில்லை.

மூன்று முதல் பத்து ஆண்டு வரையிலான கார்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கொரு முறையும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. ஆனால் இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே ஒரு பேட் முழுதாகவே தேய்ந்துபோகலாம். உபியிலோ சின் மிங்கிலோ உள்ள பட்டறைக்குச் செல்லும்போது, எந்தச் சக்கரம், எந்த வேகம், சூடேறிய பின்னா அதற்கு முன்னா என்ற விவரங்களை எழுதிக் கொடுங்கள். கழற்றும் பழைய பேட்டுகளைத் திரும்பக் காட்டும்படியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.